தீக்குப் பிழைக்கும் காடு, கோட்டுக்குப் பிழைக்கவில்லை

சர்வே கேம்ப்பில் ரேஞ்சிங் ராடை மறைக்குதுன்னு சீமைக்கருவேலைக் கிளைகளை வெட்டினோமே, நினைவிருக்கிறதா நண்பர்களே? பிராக்டிகல் பரீட்சைக்குள் அது மறுபடி தழைத்துவிட்டது. காடுன்னா வெட்டினால் வளரும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். கனடாவில் ஆல்பர்ட்டா மாநிலத்து டைகா காட்டைப் பற்றிப் படித்ததும் அந்த எண்ணம் போயிற்று.

டைகா என்பது ரஷ்யா, கனடா போன்ற வடக்கத்திக் குளிர் நாடுகளில் பரந்து கிடக்கும் ஊசியிலைக் காடு. ஆல்பர்ட்டாவில் அதற்கு அடியில் எண்ணெயும் வாயுவும் உண்டு. அவை எங்கே என்று அறிய, துளை போட்டு வெடி வைத்து, பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அதிர்வை ஜியோபோனில் பதிவு செய்வார்கள். இதற்காக 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புல்டோசரை விட்டு, 5 முதல் 10 மீட்டர் அகலத்துக்கு, நூல் பிடித்தாற்போல் காட்டை வெட்டிக்கொண்டே போனார்கள். வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டார்கள். தானா வளர்ந்துக்கும் என்ற நம்பிக்கை!

வளரவில்லை. 35 ஆண்டுகள் கழித்தும் சுமார் 8 சதவீதக் கோடுகளில்தான் மரஞ்செடிகள் பாதிக்கு மேல் மூடியிருந்தன என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இதே காடு தீயில் எரிந்தால் திரும்ப வரும். அங்குள்ள ஜாக் பைன் மரத்தின் கூம்புகள் பிசினால் ஒட்டி மூடியே கிடக்கும். தீயின் சூடு பட்டால்தான் திறந்து விதையைக் கொட்டும். அப்படிப்பட்ட காட்டுக்கு புல்டோசரை மட்டும் ஏன் தாங்க முடியவில்லை?

விடை நம் பாடத்திலேயே இருக்கிறது: லெவல். அங்கே பல இடங்களில் தரை சதுப்பு. பாசி மட்கிச் சேர்ந்த பீட் மண், அதற்குச் சற்றே கீழே நீர்மட்டம். ஆனால் தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தச் சின்னச் சின்ன மேடுகளின் மேல்தான் கறுப்பு ஸ்புரூஸ் கன்று வேர் அழுகாமல் பிழைக்கும். தீ மரத்தை எரித்தாலும் இந்த மேடு பள்ளத்தை மட்டமாக்குவதில்லை. புல்டோசரோ சீவி அழுத்திவிட்டது. விழுகிற விதைக்குக் கிடைத்தது வெறும் ஈரச் சேறு. நான் அங்கே நின்றிருந்தால் 'சூப்பரா மட்டமா இருக்கு' என்று ஓகே சொல்லியிருப்பேன்!

கோடு கிடந்தால் என்ன நஷ்டம் என்கிறீர்களா? ஓநாய்க்கு அதுதான் ரோடு. காட்டுக்குள் நடப்பதைவிடக் கோட்டில் 2, 3 மடங்கு வேகமாகப் போகிறது. ஓநாய் எளிதில் வராத சதுப்பில் ஒதுங்கிப் பிழைத்த கரிபூ மான் மாட்டிக்கொண்டது. காட்டுக் கரிபூவை அருகி வரும் இனமாகக் கனடா சட்டப்படி பட்டியலிட்டிருக்கிறது.

இப்போது புதுக் கோடுகளைக் குறுகலாக, வளைத்து வளைத்து வெட்டுகிறார்கள். பழைய கோடுகளில் எக்ஸ்கவேட்டரால் மண்ணை அள்ளிப் பக்கத்திலேயே குவித்து, அந்த மேட்டில் கன்று நடுகிறார்கள். அதுவும் தரை உறைந்திருக்கும் குளிர்காலத்தில்தான். கோடையில் போனால் மெஷினே புதைந்துவிடும்.