முகத்திற்கு இட்ட கோதுமை: அழகுப்பொருள்களில் உள்ள புரதம் தோலுக்குத் தீங்கற்றதா?

சோப்பு, ஷாம்பு, முகக்களிம்பு ஆகியவற்றின் உறைகளில் ‘புரதம் செறிந்தது’ என்னும் சொற்கள் இன்று பெருமையுடன் அச்சிடப்படுகின்றன. உண்ணும் புரதம் உடலை வளர்ப்பது போலப் பூசும் புரதமும் தோலை வளர்க்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நலமான தோலின் மேற்படலம் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை எளிதில் உள்ளே விடுவதில்லை. அவை மேலே மெல்லிய ஏடாகப் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. கழுவியபின் தோல் மென்மையாகத் தோன்றுவது அதனால்தான்.

கோதுமைப் புரதம் நீரில் கரையாதது. ஆகவே அதனை அமிலத்தாலோ நொதியாலோ சிறு துண்டுகளாக உடைத்துச் சேர்க்கின்றனர். இவ்வாறு உடைத்த புரதம் பொதுவாகப் பாதுகாப்பானதே. ஆனால் எவ்வளவு சிறிதாக உடைக்கப்பட்டது என்பதில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. இதனை உலகம் ஜப்பானில் கற்றுக்கொண்டது.

அங்கே ‘சா நோ ஷிசுகு’, அதாவது ‘தேயிலைத் துளி’ என்னும் பெயருடைய முகச்சோப்பு 2004 முதல் 2010 வரை விற்பனையாயிற்று. அதில் ‘குளுபேர்ல் 19எஸ்’ என்னும் கோதுமைப் புரதம் 0.3 விழுக்காடு மட்டுமே இருந்தது. பல இலட்சம் பேர் அதனை விரும்பி வாங்கினர். சில காலம் கழித்து, அதுவரை கோதுமை உணவை எவ்விதத் தொல்லையுமின்றி உண்டுவந்தவர்களில் சிலருக்கு, அதனை உண்டு சற்று நடந்தாலோ வேலை செய்தாலோ இமை வீங்கிற்று, உடலெங்கும் தடிப்பு எழுந்தது, மூச்சுத் திணறிற்று, சிலருக்கு இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வந்தது. 2011 மே மாதத்தில் அச்சோப்பு திரும்பப் பெறப்பட்டது. ஜப்பானிய ஒவ்வாமைக் கழகத்தின் சிறப்புக் குழு உறுதிசெய்த நோயாளிகள் 2,111 பேர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

வாயால் உண்டபோது ஏற்றுக்கொண்ட உடல், முகத்தில் தேய்த்தபோது ஏன் பகைத்தது? காரணங்கள் மூன்று. அந்தப் புரதம் போதிய அளவு உடைக்கப்படாமல் பெரிய துண்டுகளாகவே இருந்தது. அமிலமும் வெப்பமும் அதன் வடிவைச் சற்று மாற்றியிருந்தன. உடலுக்கு அது அயலானதாகத் தோன்றிற்று. மூன்றாவதாக, சோப்பு நுரை தோலின் கொழுப்புத் தடுப்பைத் தளர்த்துவது. நாள்தோறும் அதே நுரை இமையோரத்திலும் மூக்கின் உட்படலத்திலும் பட்டுக்கொண்டிருந்தது. குடல், உணவைப் பொறுத்துக்கொள்ள உடலைப் பழக்குகிறது. தோலோ காவற்காரனைப் போன்றது. அவ்வழியே நுழையும் பொருளைப் பகையெனக் குறித்துக்கொள்ளக்கூடும். அக்குறிப்பு ஒருமுறை பதிந்துவிட்டால், உண்ணும் கோதுமையையும் உடல் எதிர்க்கத் தொடங்குகிறது. சோப்பை நிறுத்தியபின் பலருக்கு இந்த ஒவ்வாமை ஆண்டுக்கணக்கில் மெல்லத் தணிந்தது என்பது ஆறுதலான செய்தி.

ஐரோப்பிய ஒன்றியம் இதனை ஆராய்ந்து, அழகுப்பொருளில் சேரும் உடைத்த கோதுமைப் புரதத்தின் சராசரி மூலக்கூறு எடை 3,500 டால்டனுக்கு மேற்படலாகாது என்று 2017-இல் விதித்தது. ஜப்பானியச் சோப்பில் இருந்த துண்டுகள் இதனினும் பன்மடங்கு பெரியவை. அதே ஆணை கடலெண்ணெயில் எஞ்சும் வேர்க்கடலைப் புரதத்திற்கும் வரம்பு கட்டியது. கடலெண்ணெய் கலந்த களிம்பு பூசப்பட்ட கரப்பான் குழந்தைகளிடையே வேர்க்கடலை ஒவ்வாமை மிகுந்திருந்ததை 2003-இல் பிரிட்டன் ஆய்வொன்று காட்டியிருந்தது.

காவிரிப் படுகையில் கோதுமை விருந்தாளித் தானியம்தான். ஆயினும் நீரிழிவுக்காக இரவில் சப்பாத்தியோ கோதுமை ரவைக் கஞ்சியோ உண்ணும் வீடுகள் மயிலாடுதுறையில் இன்று ஏராளம். நம் வீட்டு நலங்குமாவும் பயறு, கடலைப்பருப்பு ஆகியவற்றின் புரதம் நிறைந்ததே. நலமான தோலுக்கு அதனால் பெரும்பாலும் தீங்கில்லை. பாட்டிமார் வழக்கத்தைக் குறை கூற வேண்டியதுமில்லை. ஆனால் கரப்பான் கண்டு வெடித்துக் கசியும் குழந்தையின் தோலில் நலங்குமாவு, பாலேடு, தயிர், முட்டை வெண்கரு, செக்குக் கடலெண்ணெய் ஆகியவற்றைத் தடவுதல் கூடாது. அங்கே காவற்கதவு திறந்து கிடக்கிறது. மருத்துவர் எழுதித்தந்த மணமற்ற களிம்பே போதும்.

கடையில் வாங்குவோர் உறையின் பின்புறம் உள்ள உட்பொருட் பட்டியலைப் படிக்க வேண்டும். ‘ஹைட்ரோலைஸ்டு வீட் புரோட்டீன்’ என்றோ, ‘டிரிட்டிகம் வல்கேர்’ என்றோ இருந்தால் அது கோதுமை. ‘அராக்கிஸ் ஹைப்போஜியா’ என்பது வேர்க்கடலை. ஒரு விழுக்காட்டிற்கும் குறைந்தவை பட்டியலின் கடைசியில் இருக்கும். அவசரத்தில் அங்கேதான் கண் செல்வதில்லை. மூலக்கூறின் அளவை எந்த உறையும் கூறாது. ஆதலால் கோதுமை ஒவ்வாமையோ கரப்பானோ உடையவர்கள் இத்தகையவற்றை விலக்குவதே நேர்வழி. மற்றவர் அஞ்சிக் கைவிட வேண்டியதில்லை.

ஒரு சோப்பையோ களிம்பையோ பயன்படுத்திய சில நிமிடங்களில் முகம் அரித்தாலும் இமை தடித்தாலும், உடனே நீரால் கழுவி அதனை நிறுத்துங்கள். உறையை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்; எப்பொருள் காரணம் என்று கண்டறிய அதைவிடச் சிறந்த சான்றில்லை. உணவுக்குப்பின் நடக்கையில் தடிப்பு எழுவதுண்டா என்பதையும், ஆஸ்பிரின் போன்ற மாத்திரை உண்பதையும் சொல்லுங்கள். இவ்விரண்டும் எதிர்வினையைக் கடுமையாக்கும். இதயத்திற்காக ஆஸ்பிரின் உண்போர் தாமாக அதனை நிறுத்தலாகாது. முன்னர் கடுமையான எதிர்வினை கண்டவர் வீட்டில் பூசிச் சோதித்துப் பார்ப்பதும் கூடாது.

மூச்சுத் திணறல், குரல் கம்மல், மயக்கம் ஆகியவை தோன்றினால் மஞ்சளோ மோரோ தேடிக் காலங்கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் சாய்ந்து உட்காரவிடுங்கள், எழுந்து நடக்கவிடாதீர்கள். அந்நேரத்தில் உயிர்காக்கும் மருந்து, தொடைத்தசையில் இடப்படும் அட்ரினலின் ஊசி.