முப்பது நாளில் ஒரு நாவல்

ஒரே மாதத்தில் நாவலொன்றின் முதற்படியை எழுதி முடிக்கும் பயிற்சி 1999இல் அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி உள்ளிட்ட 21 பேருடன் தொடங்கியது. அதன் இலக்கு 50,000 சொற்கள், நாளொன்றுக்கு 1,667. முதல் நாள் தவறினால் மீதி நாட்களுக்கு 1,725 வீதம் எழுதவேண்டும்.

ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக வருவது தமிழில் 'வீட்டிலிருந்து' என ஒன்றில் அடங்கிவிடும். ஆகவே 30,000 சொற்களை இலக்காகக் கொண்டேன். அச்சுவேலியில் எங்கள் வீட்டில், விடியலில் ஒரு மணிநேரமும் இரவில் ஒரு மணிநேரமும் கொப்பியில் எழுதினேன்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வே என் கதை. இரண்டாம் வாரத்தில் கற்பனை வற்றியது. புறப்பட்ட அன்று எதை விட்டுவந்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "அடுப்பில் கொதித்த உலையை" என்றார். அதிலிருந்து நான்கு அத்தியாயங்கள் பிறந்தன. முப்பதாம் நாள் நாவல் முடிந்தது.

மூன்று விதிகள் உதவின:

1. மாதம் முடியும்வரை திருத்தாதீர்கள்.
2. அடுத்த வரி தெரிந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.
3. தெரியாததை மூத்தோரிடம் கேளுங்கள்.

சித்தி லெப்பையின் 'அசன்பே சரித்திரம்' 1885இலும், மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இலும் வெளிவந்தன. நமக்கு முன்னோடிகள் உண்டு. 1990 வெளியேற்றத்தைக் கண்டவர்கள் உங்கள் வீடுகளில் இருக்கிறார்கள்; அவர்கள் சொல்லும்போதே எழுதிவையுங்கள். பெற்றோரே, பிள்ளைக்கு நாளும் ஒரு மணிநேர அமைதி கொடுங்கள்.