டெலி லென்ஸை இ.எம்.ஐ.ல வாங்கலாமா? கேமரா கம்பெனிகளின் போட்டியும் உங்க பர்ஸும்



எங்க கரிக்கலாம்பாக்கத்துக்குப் பக்கத்துல பாகூர் ஏரி. வில்லியனூர் பக்கம் போனா, 2008-ல் பறவைகள் சரணாலயமா அறிவிக்கப்பட்ட ஊசுடு ஏரி. அதனால சீசன் வந்தாலே, புதுசா வேலைக்குச் சேர்ந்த தம்பிகள் கேட்கிற கேள்வி இது: "பறவை எடுக்கப் பெரிய லென்ஸ் வேணும், இ.எம்.ஐ. போடலாமா?" வாங்க, கணக்கு போட்டுப் பார்ப்போம்.

விலை ஏன் இவ்வளவு?

ஃபோகல் லெங்த்தை எஃப் எண்ணால் வகுத்தா, ஒளி நுழையற துவாரத்தோட விட்டம் கிடைக்கும். 600 எம்.எம். லென்ஸுக்கு எஃப் 4 என்றால் 150 எம்.எம்.; எஃப் 6.3 என்றால் சுமார் 95 எம்.எம். பரப்பளவுல பார்த்தா, முதல் லென்ஸுக்கு சுமார் 2.5 மடங்கு ஒளி அதிகம். முதல்ல ஐ.எஸ்.ஓ. 1600 போதும்னா, ரெண்டாவதுல 4000 வைக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம், கூடவே பின்னணி மங்கல். ஆனா எஃப் 4 லென்ஸ் பத்து லட்சத்தைத் தாண்டும். 600 வரை போகிற எஃப் 6.3 ஜூம் ரெண்டு லட்சத்தை ஒட்டிக் கிடைக்கும். ஒளி 2.5 மடங்கு, விலை 5 மடங்குக்கு மேல!

போட்டி சொல்லித் தரும் பாடம்

1987-ல் கேனன் தன் பழைய எஃப்.டி. மவுன்ட்டைக் கைவிட்டு இ.எஃப். மவுன்ட்டுக்கு மாறியது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்களுக்குக் கோபம். ஆனா மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்ததால், கனமான டெலி லென்ஸ்கள் வேகமா ஃபோகஸ் ஆச்சு. 1959-லிருந்து இருந்த எஃப் மவுன்ட்டை நிக்கான் விடவில்லை. அதன் பெரிய டெலி லென்ஸ்களுக்கு உள் மோட்டார் 1992-ல்தான் வந்தது. அதற்குள் மைதான ஓரமெல்லாம் கேனனின் வெள்ளை லென்ஸ்கள். பிறகு மிரர்லெஸ்ஸில் சோனி முந்தியதும், 2018-ல் ரெண்டு கம்பெனியுமே புது மவுன்ட் கொண்டுவந்தன.

இதுல நமக்கு என்ன? பாடி வாங்கும்போதே அந்தக் கம்பெனி லென்ஸ் வரிசைக்கும் சேர்த்து கையெழுத்து போடுறீங்க. ஒவ்வொரு முறை மவுன்ட் மாறும்போதும் பழைய லென்ஸின் மறுவிற்பனை மதிப்பு அடிவாங்கும். விற்பவருக்கு நஷ்டம், செகண்ட் ஹேண்ட் தேடுறவருக்கு லாபம். உதாரணம், 2015-ல் வந்த நிக்கான் 200-500 எஃப் 5.6. அடாப்டர் போட்டா புது இசட் கேமராவிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும்.

"நோ காஸ்ட்" இ.எம்.ஐ.

₹1,80,000 லென்ஸ், 12 மாதம், மாதம் ₹15,000. பேங்க் 15% வட்டின்னு வைத்துக்கொண்டால், வட்டி சுமார் ₹13,800. அதைக் கடைக்காரர் தள்ளுபடியா கழிச்சிடுவார். ஆனா கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ன்னா, வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., சுமார் ₹2,500, உங்க தலையில. பிராசஸிங் கட்டணம் தனி. முழுப் பணம் கொடுத்தா எவ்வளவு குறைப்பீங்கன்னு கடையில் கட்டாயம் கேளுங்க. சம்பளம் ₹40,000 என்றால், இந்த ஒரு இ.எம்.ஐ.யே 37.5% சாப்பிடும்.

ஒரு நாளுக்கு எவ்வளவு?

மூணு வருஷம் கழித்து 60% விலைக்கு விற்கிறீங்கன்னு வைப்போம். இழப்பு ₹72,000, அதாவது வருஷத்துக்கு ₹24,000. வருஷத்துல 24 நாள் எடுத்தா, நாளுக்கு ₹1,000. ஆறே நாள்தான் என்றால் ₹4,000! வாடகைக் கடையில் நாள் வாடகை கேளுங்க. எது குறைவோ அதுதான் உங்க பதில்.

வரி விஷயம்

சம்பள வருமானத்துல லென்ஸுக்குத் தேய்மானம் கழிக்க முடியாது. கல்யாண போட்டோ மாதிரி தொழில் வருமானம் இருந்து, கணக்குப் புத்தகமும் வைத்திருந்தா, வருஷம் 15% கழிக்கலாம். வாங்கின வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவா பயன்படுத்தினா அதில் பாதிதான். ஒரே நாளில் ஒருவருக்கு ₹10,000-க்கு மேல் ரொக்கமா கொடுத்தால், அந்தத் தொகை கணக்கில் சேராது. பில் முக்கியம், நண்பர்களே.

என் ஆலோசனை

ஆறு மாதச் செலவுக்கு அவசர நிதி இருக்கா? இல்லையென்றால், இந்த சீசனுக்கு வாடகை போதும். இருந்தா, அந்த ₹15,000-ஐ ஆர்.டி.யில் போடுங்க. ஒரு வருஷத்தில் ₹1,80,000-உடன் வட்டியும் கையில் இருக்கும். அப்போதும் ஏரிக்குப் போகும் ஆசை குறையலைன்னா, தைரியமா வாங்குங்க!