நான்கு புள்ளிகளில் ஒரு வளைகோடு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் செல்லும் சாலையில் மேற்கே பார்த்தால் கல்வராயன் மலைத்தொடரின் விளிம்பு தெரியும். அந்த விளிம்பைத் தாளில் வரையச் சொன்னால், பென்சிலைத் தூக்காமல் ஒரே இழுப்பில் வரைந்துவிடுவீர்கள். அதே கோட்டைக் கணிப்பொறியில் வரையச் சொன்னால் நம்மில் பலருக்குக் கை தடுமாறுகிறது. ஏன்?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் பதினொன்றாம் வகுப்பு மாணவர் ஒருவர். அவருடைய தந்தை மரச்சிற்பம் செதுக்குபவர். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மகனுக்கோ ஜப்பானிய அனிமே படங்களின் மேல் ஆசை. தனக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் முகத்தைக் கணிப்பொறியில் படியெடுத்து, பள்ளிக் கண்காட்சிக்காக அதை ஒரு பலகையில் வெட்டித் தரும்படி, கணிப்பொறி இயக்கும் மரம் வெட்டும் இயந்திரம் உள்ள ஒரு பட்டறையில் கொடுத்தார். வந்த பலகையில் கன்னத்தின் வளைவு முழுவதும் பல் பல்லாக இருந்தது. நல்ல பலகை வீணாயிற்று. கொடுத்த பணமும் போயிற்று. “இயந்திரம் பழுதா, ஐயா?” என்று கேட்டார்.

இயந்திரத்தில் பழுதில்லை. கோப்பைத் திறந்து பார்த்தோம். ஒரு முகத்துக்கு 1,900க்கும் மேற்பட்ட புள்ளிகள் இருந்தன! இயந்திரம் தனக்குச் சொன்னபடி ஒவ்வொரு புள்ளியிலும் திசை மாறி மாறிச் சென்றிருக்கிறது. பிழை வரைந்த முறையில்தான். அதைத் திருத்துவது எப்படி என்று பார்ப்போம்.

இரண்டு வகைப் படங்கள்

கணிப்பொறியில் படங்களை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். முதலாவது, கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிறம் தருவது. இக்கட்டங்களே பிக்சல்கள். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் ஸ்கேன் செய்தால் 2,480 × 3,508, அதாவது ஏறக்குறைய 87 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். இப்படத்தைப் பெரிதாக்கினால் கட்டங்களும் பெரிதாகும்; விளிம்பு படிக்கட்டாகத் தெரியும்.

இரண்டாவது வகை வெக்டர் படம். இதில் நிறக் கட்டங்கள் இல்லை. “இந்தப் புள்ளியில் புறப்பட்டு, இந்தத் திசையில் வளைந்து, அந்தப் புள்ளியை அடைக” என்ற கட்டளைகளே உண்டு. தபால் தலை அளவிலும் சுவர் அளவிலும் ஒரே கூர்மையுடன் வரையலாம். நீங்கள் கணிப்பொறியில் காணும் தமிழ் எழுத்துகளின் வடிவங்களும் இப்படித்தான் சேமிக்கப்பட்டுள்ளன. ‘ழ’ என்ற எழுத்தின் சுழி எந்த அளவிலும் உடையாமல் இருப்பது இதனால்தான்.

முதல் வகைப் படத்தின் மேல் கோடு வரைந்து இரண்டாம் வகையாக மாற்றுவதே வெக்டர் படியெடுத்தல். அனிமே படங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை. கையால் வரைந்த காலத்தில், ஒளி ஊடுருவும் தாளில் கோடுகளைப் பதித்து, பின்புறத்தில் சீரான வண்ணம் பூசுவார்கள். ஆகவே தெளிவான கோடு, தட்டையான நிறம், கூர்மையான விளிம்புள்ள நிழல் ஆகிய மூன்றும் அந்தப் பாணியின் அடையாளங்களாயின. 1992இல் ஜப்பானியரும் இந்தியரும் சேர்ந்து உருவாக்கிய இராமாயண அனிமேஷன் படம் 2025 ஜனவரியில் நம் திரையரங்குகளுக்குத் தமிழிலும் வந்தது. அதில் இம்மூன்றையும் காணலாம்.

பந்து சொல்லும் பாடம்

கட்டளைகளால் வளைகோட்டை வரைவது எப்படி? கிரிக்கெட் பந்து ஒன்றைச் சாய்வாக மேலே எறியுங்கள். அதன் பாதை ஒரு பரவளையம் என்று படித்திருக்கிறீர்கள். இப்போது ஒரு வரைபடத்தாளை எடுங்கள். அ (0, 0), ஆ (8, 8), இ (16, 0) என்று மூன்று புள்ளிகளைக் குறியுங்கள். அஆ, ஆஇ ஆகிய கோடுகளை வரையுங்கள்.

அஆ கோட்டின் நடுப்புள்ளி (4, 4). ஆஇ கோட்டின் நடுப்புள்ளி (12, 4). இவ்விரண்டையும் இணைத்து, அக்கோட்டின் நடுப்புள்ளியைக் காணுங்கள். அது (8, 4). இனி நடுப்புள்ளிக்குப் பதிலாகக் கால் பங்குத் தொலைவில் அதே வேலையைச் செய்யுங்கள். அஆவில் (2, 2); ஆஇயில் (10, 6); அவற்றை இணைக்கும் கோட்டில் கால் பங்கில் (4, 3). முக்கால் பங்கில் செய்தால் (12, 3) வரும். இப்புள்ளிகளை இணைத்தால் கிடைப்பது, அவிலிருந்து 45 பாகையில் எறியப்பட்ட பந்தின் பாதையேதான். பந்து புறப்படும் திசை அஆ. விழும் திசை ஆஇ. ஆவைப் பந்து தொடுவதே இல்லை. ஆனால் பாதை முழுவதையும் அது ஆள்கிறது.

பந்தின் முடுக்கம் மாறிலி. ஆகவே பரவளையம் ஒரே பக்கமாகத்தான் வளையும். கூந்தலைப் போல ஒரு பக்கம் வளைந்து பிறகு மறுபக்கம் திரும்ப வேண்டுமானால், முடுக்கமும் மாற வேண்டும். இதற்கு நான்காவது புள்ளி ஒன்றைச் சேர்க்கிறோம். முதற்புள்ளியும் கடைசிப் புள்ளியும் கோட்டின் மேல் இருக்கும். இவற்றைக் கணுக்கள் என்போம். நடுவிலுள்ள இரண்டும் கைப்பிடிகளின் முனைகள். மூன்று கோடுகளின் நடுப்புள்ளிகள், பிறகு இரண்டு, பிறகு ஒன்று என அதே முறையில் வளைகோடு கிடைக்கும். பிரான்சில் சித்ரோயன் கார் நிறுவனத்தில் பால் தெ காஸ்தல்ஜோ என்பவர் 1959இல் இம்முறையைக் கண்டார். நிறுவனம் அதை இரகசியமாக வைத்திருந்தது. ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியே தம் வழியில் அதே வளைகோடுகளை அடைந்து 1960களில் வெளியிட்டார். எனவே இவற்றுக்குப் பெசியே வளைகோடுகள் என்ற பெயர் நிலைத்தது.

இயற்பியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கைப்பிடியின் திசை, கணுவில் வரையும் தொடுகோட்டின் திசை. கைப்பிடியின் நீளம், புறப்படும் வேகத்துக்கு நேர் விகிதத்தில் உள்ளது. திசையும் அளவும் உடையது வெக்டர் அல்லவா? கைப்பிடி நீளமானால் கோடு அத்திசையில் நெடுந்தூரம் ஓடிய பிறகே திரும்பும். குட்டையானால் உடனே திரும்பும். வண்டியின் வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணுவை எங்கே வைப்பது?

படியெடுப்பவரின் திறமை பெரும்பாலும் இக்கேள்விக்கான விடையில் அடங்கும்.

1. கோட்டின் மிக மேலான, மிகக் கீழான, மிக இடப்பக்கமான, மிக வலப்பக்கமான இடங்களில் கணு வையுங்கள். அங்கே கைப்பிடிகள் கிடையாகவோ செங்குத்தாகவோ அமையும். அனிமே முகத்தின் பெரிய கண்மணிக்கு நான்கு கணுக்கள் போதும். வட்டமானால் கைப்பிடியின் நீளம் ஆரத்தைப் போல 0.5523 மடங்கு இருக்கட்டும். 100 மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் அப்போது ஏற்படும் பிழை அதிக அளவாக 0.027 மில்லிமீட்டர்தான். மற்ற வளைவுகளுக்கு, துண்டின் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்று தொடங்கிப் பிறகு சரி செய்யலாம்.

2. கோடு ஒரு பக்க வளைவிலிருந்து மறுபக்க வளைவுக்கு மாறும் இடம் வளைவு மாற்றப் புள்ளி. நீண்ட கூந்தல் இழையில் அங்கே ஒரு கணு வைத்தால் இருபுறமும் தனித்தனியே திருத்தலாம்.

3. கூந்தல் நுனி, மோவாய் போன்ற கூரிய இடங்களில் முனைக் கணு வையுங்கள். அங்கே இரண்டு கைப்பிடிகளும் வெவ்வேறு திசையில் நிற்கும். மற்ற இடங்களில் அவை ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கோட்டில் சிறு முறிவு தெரியும்.

4. படத்தை மிகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு வரையாதீர்கள். அப்போது ஸ்கேனின் ஒவ்வொரு பிக்சல் படியும் உண்மையான வளைவு போலத் தோன்றும், கணுக்களை அடுக்கிவிடுவோம். படம் முழுவதும் திரையில் தெரியும் அளவில் கோட்டை இட்டு, பிறகு பெரிதாக்கிச் சிறு திருத்தம் செய்யுங்கள்.

இம்மாணவரின் தந்தை இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொன்னார்: “வளைவு உளியை ஒரே தள்ளாகத் தள்ளணும். நடுவுல நிறுத்தி நிறுத்தித் தள்ளினா மரத்துல தழும்பு விழும்.” கணு என்பது உளியை நிறுத்தும் இடம் என்று நினைத்துக்கொண்டால் போதும்.

கோடும் நிறமும்

மூலப் படத்தை அடியில் வைத்து, பாதி அளவு மங்கலாக்கி, அசையாமல் பூட்டிவிடுங்கள். அதன் மேல் நிறம், நிழல், கோடு ஆகியவற்றுக்குத் தனித்தனி அடுக்குகள் வேண்டும். அனிமே கோடு நுனியில் மெலிந்து நடுவில் தடிக்கும். சீரான தடிப்பில் வரைந்தால் படம் உயிரற்றுப் போகும். ஆகவே, கோட்டின் இரு ஓரங்களையும் வரைந்து ஒரு மூடிய வடிவமாக்கிக் கறுப்பு நிரப்பலாம். அல்லது மென்பொருளில் உள்ள மாறும் தடிப்பு வசதியைப் பயன்படுத்தலாம். நிறத்தின் விளிம்பு, கறுப்புக் கோட்டின் நடுவரை உள்ளே செல்லட்டும். கோட்டின் ஓரத்தோடு நிறுத்தினால் அச்சில் வெள்ளைக் கீற்று தெரியும்.

இயந்திரமே படியெடுக்குமே?

எடுக்கும். பீட்டர் செலிங்கர் என்ற கணித அறிஞர் உருவாக்கிய போட்ரேஸ் என்ற நிரல் இதில் புகழ்பெற்றது. கறுப்பு வெள்ளைப் படத்தின் எல்லையைப் பின்பற்றி முதலில் ஒரு பலகோணத்தைக் கண்டுபிடித்து, பிறகு அதன் மூலைகளை வளைகோடுகளாக்கும். நல்ல கறுப்பு மையில் வரைந்து 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்த படத்துக்கு இது நன்றாகவே பயன்படும். ஆனால் அலைபேசியில் வந்த சிறிய, சுருக்கப்பட்ட படத்தைக் கொடுத்தால், சுருக்கத்தால் ஏற்பட்ட அழுக்கையும் எல்லை என்று கருதிப் படியெடுக்கும். நம் மாணவருக்கு நேர்ந்தது இதுதான். இது மூக்கு, இது மையின் கறை என்று பிரித்தறிவது உங்கள் வேலை.

எந்த மென்பொருள்?

தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். கணுவையும் கைப்பிடியையும் எளிதாகத் திருத்த முடிகிறதா? கோப்பை வேறு மென்பொருளிலும் திறக்க முடியுமா? நேர்மையான வழியில் பெற முடியுமா?

மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது இங்க்ஸ்கேப். 2003இல் தொடங்கிய இது கட்டணமற்றது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். மேலே சொன்ன போட்ரேஸ் முறையும் இதற்குள் உண்டு. படத்தை எஸ்.வி.ஜி. என்ற பொது வடிவத்தில் சேமிக்கிறது. நம் ஊர் அச்சகங்களிலும் பேனர் கடைகளிலும் கோரல் டிரா பெரிதும் பழக்கத்தில் உள்ளது. அங்கு வேலைக்குச் செல்ல எண்ணுபவருக்கு அது உதவும். 1987இல் வந்த அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வல்லமை மிக்கது. ஆனால் தொடர்ந்து சந்தா கட்ட வேண்டும். கிருதா என்பதும் கட்டணமற்றதே, எனினும் அது முதன்மையாக வண்ணம் தீட்டும் மென்பொருள். திருட்டுப் படிகளை நாடாதீர்கள். அவற்றோடு வைரஸும் வந்து, மாதக்கணக்கில் வரைந்த படங்களை ஒரு நாளில் அழித்துவிடக்கூடும். பெசியே வளைகோடு எல்லா மென்பொருளிலும் ஒன்றேதான். ஒன்றில் கை பழகினால் மற்றொன்றுக்கு மாறுவது எளிது.

இன்னொன்றையும் மறக்கலாகாது. பிறர் படைத்த கதாபாத்திரத்தைப் பழகுவதற்காகப் படியெடுக்கலாம். அதை உங்கள் படைப்பு என்று சொல்வதும், அச்சிட்டு விற்பதும் முறையல்ல.

அந்த மாணவர் மறுபடி வரைந்தார். மூன்று மாலைப் பொழுதுகள் ஆயின. இம்முறை முகத்துக்கு 64 கணுக்கள். பலகையில் கன்னம் ஒரே வளைவாக வந்தது. இப்போது அவர் அனிமேயைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, தந்தையின் பெட்டியில் மடிப்பு விழுந்து கிழிந்துகொண்டிருக்கும் பழைய தாள் மாதிரிகளை ஒவ்வொன்றாகப் படியெடுத்து வருகிறார். ஒரு யாளிக்கு எத்தனை கணு தேவை என்று அப்பாவும் மகனும் வாதாடுகிறார்கள்.

செய்து பாருங்கள்

1. அ (0, 0), ஆ (0, 12), இ (12, 0) ஆகிய புள்ளிகளை வைத்து நடுப்புள்ளி முறையில் வளைகோடு வரைக. அதன் மேல் அமையும் நடுப்புள்ளி (3, 6) வருகிறதா?

2. ‘ழ’ எழுத்தைப் பெரிதாக அச்சிட்டு, மிகக் குறைந்த கணுக்களில் படியெடுக்க முயல்க.

3. உங்கள் ஊரிலிருந்து தெரியும் மலையின் விளிம்பையோ கோயில் கோபுரத்தின் விளிம்பையோ தாளில் வரைந்து, கணுக்கள் எங்கெங்கே வேண்டும் என்று கணிப்பொறியைத் தொடும் முன்பே பென்சிலால் குறித்து வையுங்கள்.