செஸ் புதிர்: காயைத் தொடும் முன் கணக்கிடுங்கள்

ஜூன், ஜூலையில் ஊட்டி, கூடலூர் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகள் செல்போனில் செஸ் புதிராகப் போட்டுத் தள்ளுகிறார்கள். ஆனாலும் ஆட்டம் தேறுவதில்லை. முதலில் தோன்றியதைத் தட்டி, தப்பானால் அடுத்ததைத் தட்டுவது ஊகம்தான், பயிற்சி ஆகாது. நாளுக்குப் பத்துப் புதிர் போதும், பலகையில் அடுக்குங்கள். நிஜ ஆட்டத்தில் கண் பார்க்கப்போவது பலகையைத்தான். செக், வெட்டு, மிரட்டல் என்ற வரிசையில் தேடுங்கள். இவற்றுக்கு எதிராளியிடம் பதில் குறைவு என்பதே காரணம். முழு விடையையும் நோட்டில் எழுதிய பிறகே சரிபாருங்கள். அப்போதுதான் 'இதைத்தான் நினைத்தேன்' என்று சமாளிக்க முடியாது.

வேகம் வேண்டாமா என்பார்கள். வேண்டும், பழகிய வடிவம் கண்ணில் பட்டால் அது தானே வரும். அதற்காகத் தவறிய புதிரை ஒரு வாரம் கழித்து மறுபடி போடுங்கள். கணினிதான் உடனே விடை சொல்கிறதே என்றால், செஸ் வீரர் குகேஷைப் பாருங்கள்: பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் பயின்ற அவர், கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை செஸ் எஞ்சின் என்ற கணினி நிரலின் துணையை நாடவில்லை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் போட்டியின் 14-வது ஆட்டம். குகேஷை எதிர்த்து வெள்ளைக் காய்களுடன் ஆடிய டிங் லிரென் 55-வது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைத்தார். குகேஷ் யானைகளை வெட்டிக்கொண்டு பிஷப்பை டி5-இல் நிறுத்தினார். ஏ8 மூலையில் நின்ற வெள்ளை பிஷப்புக்குப் போக்கிடம் இல்லை. பிஷப்புகளும் வெட்டுப்பட, மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் குகேஷுடையது. 'இங்கே ஒரு புதிர் இருக்கிறது' என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் தலைப்பில்லாத கலவைப் புதிர்களையே எடுங்கள்.