சிங்கப்பூரில் வரிப்பணம் திரும்பும் விதம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சிங்கப்பூருக்குச் சுற்றுலா செல்லும் தமிழ்நாட்டவரிடையே ஒரு வதந்தி எத்தனை முறை மறுத்தாலும் ஓயாமல் உலவுகிறது. அங்கே குடியிருக்கும் உறவினர் வாங்கிய பொருள்களின் பில்களைச் சேர்த்துவைத்து, ஊர் திரும்புகிறவரிடம் கொடுத்தனுப்பினால், சாங்கி விமான நிலையத்தில் அவற்றைக் காட்டி வரிப்பணம் முழுவதையும் ரொக்கமாக வாங்கிவிடலாம் என்பதே அது. வாங்கியவர் யார் என்பதிலும், பில்லுக்கு என்ன மதிப்பு என்பதிலும், எவ்வளவு பணம் திரும்பும் என்பதிலும் இந்த ஒரே வாக்கியம் பிழைபடுகிறது. படித்தவர்களும் பயண முகவர்களும்கூட இதை யோசிக்காமல் திருப்பிச் சொல்வது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இல்லை.

சிங்கப்பூரில் 1994 ஏப்ரல் 1 அன்று 3 விழுக்காட்டில் தொடங்கி, 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடாக இருக்கும் பொருள் சேவை வரி, நுகர்வின்மீது விதிக்கப்படும் வரியாகும். ஒரு பொருள் எந்த நாட்டில் பயன்படுத்தப்படுகிறதோ அந்த நாடே அதன்மீது வரி வசூலிக்கலாம் என்பது இவ்வகை வரியின் அடிப்படை விதி. ஏற்றுமதிச் சரக்குக்கு இவ்வரி இல்லாமல் போவது அதனால்தான். பயணி தம் பெட்டியில் எடுத்துச்செல்லும் கைக்கடிகாரமும் சிறு அளவிலான ஓர் ஏற்றுமதியே என்று கருதி, கடையில் அவர் செலுத்திய வரியை நாட்டைவிட்டுப் புறப்படும்போது திருப்பித் தருகிறார்கள். ஜூரோங்கில் குடியிருப்பவர் தம் வீட்டுக்கு வாங்கிய மிக்சியின் பில் மதுரைக்குப் பயணம் செய்தாலும் மிக்சி ஜூரோங்கிலேயே அரைத்துக்கொண்டிருக்கும் என்பதால், அதற்கான வரியைத் திருப்பித் தருவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

நடைமுறையும் இந்த விதியை ஒட்டியே அமைந்திருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள், வேலை அனுமதி அட்டை வைத்திருப்போர் ஆகியோருக்கு வரியைத் திருப்பித் தரும் இத்திட்டத்தில் இடமில்லை. வாங்குபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். வாங்கும் நாளுக்கு முந்தைய 24 மாதங்களில் அவர் 365 நாள்களுக்கு மேல் அந்நாட்டில் தங்கியிருக்கக் கூடாது. இத்திட்டத்தில் சேர்ந்துள்ள கடையில், பொருளை வாங்கும் அந்த வேளையிலேயே தம் அசல் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) அவர் நேரில் காட்ட வேண்டும். கைப்பேசியில் உள்ள படமோ நகலோ செல்லாது. கடைக்காரர் கடப்பிதழை வருடியதும் அந்தக் கொள்முதல் அக்கடப்பிதழின் எண்ணோடு மின்னணு முறையில் பதிவாகிவிடுகிறது. விமான நிலையத்துத் தானியக்க இயந்திரம் தேடிக் காட்டுவது அந்தப் பதிவைத்தான். இயந்திரத்தின்முன் பில் கட்டோடு நிற்பவரின் கடப்பிதழில் எதுவும் பதிவாகியிருக்காவிட்டால், அவர் கையில் இருப்பது வெறும் காகிதம்.

இதைக் கேட்டதும் சிலர் அடுத்த தந்திரத்துக்குத் தாவுகிறார்கள்: கடப்பிதழைக் கடையில் காட்டிவிட்டு, வாங்கிய கைப்பேசியை வழியனுப்ப வரும் உறவினரிடமே விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும் என்பது அவர்கள் கேள்வி. சுங்க அதிகாரி எந்தப் பயணியையும் நிறுத்திப் பொருளைக் காட்டச் சொல்லலாம். பொய்யான கோரிக்கைக்கு அபராதத்தோடு சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. சில நூறு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள பொருளுக்காக மற்றொருவரின் கடப்பிதழைப் பணயம் வைக்கச் சொல்லும் உறவினரை உறவினர் என்று அழைப்பதே மிகை.

எவ்வளவு பணம் வரும் என்பதிலும் கணக்குத் தெரியாத நம்பிக்கையே மேலோங்கியிருக்கிறது. கடையில் எழுதியிருக்கும் விலையில் வரி அடங்கியிருப்பதால், 1,090 வெள்ளி விலையுள்ள பொருளில் வரி 90 வெள்ளிதான்; மொத்தத் தொகைக்கு 9 விழுக்காடு போட்டு 98 வெள்ளியை எதிர்பார்ப்பது பிழை. அந்த 90 வெள்ளியிலிருந்தும் பணத்தைக் கையாளும் முகமை தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டே மீதியைத் தரும். குறைந்தது 100 வெள்ளிக்கு வாங்கியிருக்க வேண்டும் என்ற வரம்பை எட்ட, ஒரே கடையில் ஒரே நாளில் பெற்ற மூன்று பில்கள்வரை சேர்த்துக்கொள்ளலாம். சிராங்கூன் சாலையின் நான்கு கடைகளில் தலா 30 வெள்ளி செலவழித்தவருக்கு ஒன்றும் வராது.

மற்ற நம்பிக்கைகளைச் சுருக்கமாகவே தள்ளிவிடலாம். விடுதி வாடகைக்கும் உணவுக்கும் வரி திரும்புவதில்லை, ஏனெனில் அவை அங்கேயே நுகரப்பட்டவை. 99.5 விழுக்காடு தூய்மையுள்ள முதலீட்டுத் தங்கக் கட்டிக்கு 2012 அக்டோபர் முதல் வரியே இல்லை என்பதால் திரும்பப் பெறவும் ஏதுமில்லை. நகைக்கு வரி உண்டு. சிங்கப்பூரில் வாங்கிவிட்டுப் பேருந்தில் உட்லண்ட்ஸ் வழியாக மலேசியா சென்று கோலாலம்பூரிலிருந்து விமானம் ஏறும் கூட்டுச் சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு வெள்ளியும் கிடையாது. வாங்கிய இரண்டு மாதத்துக்குள் விமானம் வழியாகவே வெளியேற வேண்டும். பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைத்த பிறகு இயந்திரத்தைத் தேடுவதும் வீண். பெட்டிக்குள் போகும் பொருளுக்கு ஒப்படைக்கும் முன்பே கோரிக்கையை முடித்துவிட வேண்டும். எல்லா நாடுகளிலும் இப்படித்தான் என்பதும் தவறு: பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல், வட அயர்லாந்து நீங்கலாக, இத்திட்டத்தை நிறுத்திவிட்டது. சிங்கப்பூர் வரியைத் திருப்பித் தந்துவிட்டது என்பதற்காக இந்தியச் சுங்கத்துறை தன் தீர்வையைத் தள்ளுபடி செய்யவும் செய்யாது.

இவ்வளவு ஆர்வத்தோடு சாங்கியின் இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிற தமிழ்நாட்டில், இந்தியாவின் ஒருங்கிணைந்த சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பற்றிப் பேசுவோர் அரிது. இந்தியாவில் குடியிராத, ஆறு மாதத்துக்கு மிகாமல் தங்கும் சுற்றுலாப் பயணி வாங்கி எடுத்துச்செல்லும் பொருளுக்கு வரியைத் திருப்பித் தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் அச்சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். ஆனால் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இப்பிரிவை மட்டும் ஒதுக்கிவைத்தார்கள். கல்யாணப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரத்துக்கும் தியாகராய நகருக்கும் வரும் மலேசிய, இலங்கைக் குடும்பங்கள், கடையில் வரியைச் செலுத்திவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறுகின்றன. ஏற்றுமதியாளர் கப்பலில் அனுப்பும் சேலைக்கு இல்லாத வரி, மணப்பெண்ணின் தாய் பெட்டியில் எடுத்துப்போகும் சேலைக்கு மட்டும் ஏன் தங்குகிறது என்பதற்கு வரிக் கோட்பாட்டில் விடை கிடையாது. சென்னையிலும் திருச்சியிலும் சுங்கக் கூடங்கள் ஏற்கெனவே இயங்குகின்றன, கடைகளின் பில்களோ கணினியில்தான் பதிவாகின்றன. 15ஆம் பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை வெளியிட நிதியமைச்சகம் இனியும் தயங்கத் தேவையில்லை.