மீண்டும் வளரும் காடு

ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியில், முன்னாளில் மேய்ச்சலுக்காகக் காடழிக்கப்பட்ட பண்ணைகள் பல உள்ளன. மேய்ச்சல் நின்ற இடங்களில் யூகலிப்டஸ் காடு தானே மீண்டும் எழுகின்றது. அக்காட்டைப் பேணும் முறையை அறிவோம்.

நெருங்கி முளைத்த மரங்கள் ஒளிக்கும் நீருக்கும் போட்டியிட்டு மெலிந்து நிற்கும். ஆகவே பண்ணைக் குடும்பத்தார் நலிந்தவற்றையும் வளைந்தவற்றையும் வெட்டிக் கழிக்கின்றனர். அவை வேலிக் கம்பமாகவும் விறகாகவும் பயன்படும். எஞ்சிய நேரான மரங்கள் பருத்து, பின்னாளில் நல்ல பலகை தரும்.

ஆனால், பொந்து விழுந்த முதுமரத்தை வெட்டலாகாது. அது பலகைக்கு உதவாது. எனினும் ஆந்தைக்கும் கிளிக்கும், மரத்துக்கு மரம் காற்றில் மிதந்து தாவும் ‘கிளைடர்’ என்னும் விலங்கிற்கும் அதுவே வீடு. கிளைடர்களுள் பெரிய வகை, 2022ஆம் ஆண்டில் அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது.

பெரிய பொந்து உண்டாக 100 ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று அம்மரத்தை வீழ்த்தினால், நம் பேரன் காலத்திலும் அதற்கு ஈடு கிடைக்காது. ஆதலால் முதுமரத்தையும், நாளை அதன் இடத்தை நிரப்பவல்ல சில இளமரங்களையும் அடையாளமிட்டுக் காக்க வேண்டும்.

மாணவர்களே! எதனை வெட்டுவது என்று அறிவது தொழில். எதனை விட்டுவைப்பது என்று அறிவது அறிவுடைமை. இதனை நாம் மனத்திற் கொள்வோமாக!